வழக்கமாக இங்கே குடியிருக்காதவர்

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"வாங்க மாப்ள. எப்ப வந்தீக?"

"நேத்து ராத்திரி மாமா."

"எப்ப போறீக?"

பதினாறு வருடமாக இந்த இரண்டு கேள்வியும் ஒட்டிக்கொண்டேதான் வரும். இரண்டுக்கும் என்னிடம் தேதி தயாராக இருக்கும். இந்தத் தடவை, "போகல மாமா. விசாவ கேன்சல் பண்ணிட்டு வந்துட்டேன்" என்றேன். கடைக்கார மாமா டீ ஆற்றுவதை நிறுத்தாமல், "அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். பரீட்சையில் கோட்டை விட்ட பையனிடம் சொல்கிற குரல். மறுநாளும் இடம் விட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் போனபோது யாரும் நகரவில்லை. நானாக ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்குக் கிழக்கே. இன்னும் கொஞ்சம் தென்கிழக்கே போனால் மீமிசல், கோட்டைப்பட்டினம் என்று கடற்கரை ஊர்கள். அங்கே முஸ்லிம் வீடுகளில் வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போனவரைச் 'சபுராளி' என்பார்கள். சபர் என்றால் பயணம். எங்கள் பக்கம் 'வெளிநாட்டுக்காரர்'. ஆள் இல்லாதபோது 'ஃபாரின் பார்ட்டி'. போனவனுக்கு இத்தனை பெயர் வைத்தவர்கள் திரும்பி வந்தவனுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. கூரியர்காரர் வழி கேட்டால் இன்றைக்கும் "அந்த வெளிநாட்டுக்காரர் வீடு" என்றுதான் கை காட்டுகிறார்கள். கடைசியில் எனக்கு ஒரு பெயர் வைத்தது வருமான வரித்துறை. பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

அபுதாபி முசஃபாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எனக்கு டைம்கீப்பர் வேலை. 2006 நவம்பரில் போனேன், 2022 நவம்பரில் வந்தேன். டைம்கீப்பர் என்றால் பெரிய உத்தியோகம் என்று இங்கே சிலர் நினைத்திருந்தார்கள், நானும் திருத்தியதில்லை. காலையில் கேம்ப்பிலிருந்து பஸ் கிளம்புமுன் யார் ஏறினார், யார் ஏறவில்லை. சைட்டில் யார் எத்தனை மணி நேரம், ஓவர்டைம் எவ்வளவு. யாருக்குக் காய்ச்சல், யார் லீவு முடிந்தும் வரவில்லை. இதையெல்லாம் தாளில் ஏற்றுகிறவன், அவ்வளவுதான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே விதி. அந்த இரண்டரை மணி நேரமும் நான் எழுதும் தாளில் தெரிய வேண்டும். ஆட்களைப் பெயரைவிட நம்பரால்தான் எனக்கு அதிகம் தெரியும். என் நம்பர் 2273.

கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களின் காகிதமும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். நம் ஆட்கள் பலர் முகம் சுண்டிப்போவது இங்கேதான். கிராஜுட்டி என்பது கையில் வாங்கும் மொத்தச் சம்பளத்துக்குக் கிடையாது, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் சம்பளம். அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். கடைசியாக நான் வாங்கியது 3,400 திர்ஹாம். அதில் அடிப்படை 1,800, மிச்சமெல்லாம் அலவன்ஸ். ஆக, நாளுக்கு 60 திர்ஹாம். முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள், அடுத்த பதினொன்றுக்கு 330 நாள், கூட்டினால் 435. அறுபதால் பெருக்கினால் 26,100. அன்றைய ரேட்டுக்கு ஏறக்குறைய 5 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். எத்தனையோ பேருக்கு இந்தக் கணக்கைப் போட்டு, 'எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிற தாளில் "இங்க கையெழுத்து" என்று விரல் வைத்துக் காட்டியவன் நான். என்னுடையதை வேறொரு பையன் போட்டான். வாங்கிச் சரிபார்த்தேன். ஒரு திர்ஹாம் பிசகவில்லை. பிசகியிருந்தால் கொஞ்சம் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வந்த மூன்றே நாளில் என் செட்டில்மென்ட் தொகை ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது, எட்டு மடங்காக.

வீடு நான் கட்டியதுதான். ஆனால் கட்டும்போது நான் அங்கே இல்லை. 2013 ஆகஸ்டில் ரூபாய் சரிந்து திர்ஹாம் 18 ரூபாயைத் தாண்டியபோது முசஃபாவில் ஆளுக்காள் கடன் வாங்கி ஊருக்குப் பணம் ஏற்றினோம். என் வீட்டின் தளம் அந்த மாதத்துப் பணத்தில் போட்டது. செங்கல், கம்பி, ஜன்னல் அளவு எல்லாம் போனிலேயே முடிவாயிற்று. அதனால் எந்த சுவிட்ச் எதற்கு என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாது. லீவில் வரும்போது இது பெரிதாகப் படவில்லை, யாராவது வந்து போட்டுவிடுவார்கள். இப்போது ஃபேனுக்காக நான்கு சுவிட்சைத் தட்டுவேன், வெளி லைட் எரியும், பூஜை அறை லைட் எரியும். மகள் படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "மேல் வரிசைல மூணாவதுப்பா" என்பாள்.

இரண்டாவது மாதம் என்று நினைக்கிறேன். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். மொட்டைமாடி டேங்க் நிரம்பி, சுவரெல்லாம் வழிந்து, தெருவில் ஓடியது. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து மோட்டாரை நிறுத்தினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பரவால்லங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதையே மகள் செய்திருந்தால் தெருக்கோடி வரை சத்தம் கேட்டிருக்கும். எனக்கு அந்தப் 'பரவால்லங்க' உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சம்பந்தி வீட்டுக்காரர் கையில் சாம்பார் கிண்ணம் தவறி விழுந்தால் அப்படித்தான் சொல்வோம்.

சமைக்கலாம் என்று ஒருநாள் இறங்கினேன். எங்கள் ரூமில் எட்டுப் பேர், மெஸ் முறை வைத்துச் சமைப்போம். என் கோழிக்குழம்புக்கு ரூமில் நல்ல பெயர். நான்கு பேருக்குச் சமைக்கக் கைக்கு அளவு தெரியவில்லை. வெங்காயம் அரிந்து முடித்தபோது அது ஒரு பந்திக்கானதாக இருந்தது. சாப்பிட்டுவிட்டு என் தட்டை நானே கழுவினேன். அம்மா வாசலிலிருந்து பார்த்துவிட்டு, "ஏன் அப்பு, அங்க உன்னய இப்புடியா வச்சிருந்தாக?" என்று கண் கலங்கிவிட்டார். பதினாறு வருடத்தில் அம்மா அழுத எத்தனையோ காரணங்களில் இதுதான் ரொம்பச் சின்னது. அதன் பிறகு தட்டைக் கழுவாமல் எழுந்திருக்கப் பழகினேன். அதற்கும் நாளாயிற்று.

எங்கள் கல்யாணம் 2005-ல். சேர்ந்து ஒரு வருடம் சொச்சம் இருந்தோம். பிறகு எல்லாம் வெள்ளிக்கிழமைதான். கேம்ப்பில் வெள்ளி விடுமுறை. காலையில் துணி துவைத்து, முடி வெட்டிக்கொண்டு, பத்து மணிக்குக் கட்டிலைச் சுற்றிக் கட்டியிருக்கும் துணித்திரையை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போன் போடுவேன். முதலில் போன் கார்டு. பத்து நிமிடத்தில் கார்டு தீர்ந்துபோகும். பிறகு போட்டிம் ஆப் வந்தது, முகத்தையும் பார்த்தோம். எங்களுக்குள் போனில் பேசாத பேச்சு கிடையாது. சண்டை, சமாதானம், மகளுக்குக் காது குத்து, அவள் அப்பாவுக்கு ஆபரேஷன், வயதுக்கு வந்தது யார், ஓடிப்போனது யார், எல்லாம்.

வந்த பிறகு எதிரெதிரே உட்கார்ந்தால், "சாப்டீகளா?" "ம்." அவ்வளவோடு முடிந்துவிடும். ஆளுக்கொரு போனை எடுத்துக்கொள்வோம்.

ஒரு வெள்ளிக்கிழமை தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனேன். கரண்ட் இல்லை. வரப்பில் உட்கார்ந்து, வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்பதற்காக அவளுக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் பேசினோம். மகள் பத்தாவதுக்குப் பிறகு கம்ப்யூட்டர் குரூப் எடுக்கப்போவதாகச் சொன்னாளாம். அவள் அண்ணன்கள் பாகப்பிரிவினையில் மல்லுக்கு நிற்கிறார்களாம். ஆறு மாதமாக அவளுக்கு முட்டிவலியாம். "ஆறு மாசமா? நான் வீட்டுலதானே இருக்கேன், ஏன் சொல்லல?" என்றேன். சிரித்தாள். "நேர்ல பாத்தா நீங்க வேற ஆளாவுல்ல இருக்கீக" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கரண்ட் எப்போது வந்ததென்று தெரியவில்லை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு சில மாதம் வாரத்துக்கு ஒருதரம் தோப்பிலிருந்து வீட்டுக்குப் போன் போடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. தோப்புக்கும் வீட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் இருக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தோப்பு என்றதும் கஜாவைச் சொல்லாமல் முடியாது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், தஞ்சாவூர் மாவட்டத்தின் தெற்கையும் எங்கள் பக்கத்தையும் புரட்டிப் போட்டது. எங்கள் தோப்பில் அறுபது தென்னை நின்றது, பதினேழுதான் மிஞ்சியது. நான் அந்த வருடம் ஜூனில் லீவுக்கு வந்து ஜூலையில் திரும்பியிருந்தேன். நான்கு நாள் யாருடைய போனும் கிடைக்கவில்லை. ஐந்தாவது நாள் அவள் புதுக்கோட்டையிலிருந்து யாருடைய நம்பரிலிருந்தோ பேசினாள். "எல்லாரும் நல்லாருக்கோம், மரந்தான் போச்சு" என்றாள். மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அரசாங்கம் கொடுத்தது. அதற்கான காகிதத்தையெல்லாம் அவளே அலைந்து வாங்கினாள். புதுக் கன்றுகளையும் அவளேதான் வைத்தாள்.

எங்கள் ஊரில் இப்போது காலத்தைக் கஜாவை வைத்துத்தான் சொல்கிறார்கள். "அது கஜாவுக்கு முன்னாடி." "அந்தப் புள்ள கஜா வந்தப்ப மூணு மாசக் கொழந்த." எந்தக் கூரை எங்கே போய் விழுந்தது, பேச்சுவார்த்தை இல்லாதிருந்த யார் யார் பள்ளிக்கூடத்தில் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டார்கள், ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு கேட்டார்கள். டீக்கடையில் பேச்சு அங்கே போனால் எல்லோருக்கும் ஒரு வரி இருக்கும். எனக்கு இருக்காது. ஒருமுறை நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மாப்ள, நீங்கதான் இல்லையே" என்றார் ஒருவர். குத்தலாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார்.

அதேபோல 2020-ல் முசஃபா எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் தெரியாது. கேம்ப் கேட்டைப் பூட்டியது, மூக்கில் குச்சி விடுவதற்கு வெயிலில் வரிசையில் நின்றது, பக்கத்துக் கட்டில்காரர் இருமினால் ரூமே விழித்துக்கொள்வது. மே 7-ஆம் தேதி அபுதாபியிலிருந்து முதல் மீட்பு விமானம் கொச்சிக்குப் பறந்தபோது எங்கள் ரூம் மலையாளிகள் கைதட்டினார்கள். திருச்சிக்கு எப்போது என்று நாங்கள் போனைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் டீக்கடையில், "இங்கயும் அப்டித்தான் மாப்ள" என்று முடித்துவிடுவார்கள். நியாயந்தான். நான் அவர்களுடைய புயலில் இல்லை, அவர்கள் என் கேம்ப்பில் இல்லை.

தொழில் யோசனை சொல்ல வந்தவர்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த யாரைக் கேட்டாலும் அதே பட்டியல்தான்: பரண் மேல் ஆடு, நாட்டுக்கோழி, டிராகன் பழம், தண்ணீர் கேன், ஜே.சி.பி.யில் பங்கு, பைபாஸ் வருகிறது என்று ஒரு மனை. ஆட்டில் நானும் 2 லட்சம் போட்டேன். யூடியூபில் ஆடு சாவதில்லை. எங்கள் பரணில் மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் பதினொன்று செத்தது. பங்காளி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார், நானும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆட்டைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்றால், ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாக வைத்திருக்கிறார்கள், நல வாரியமும் இருக்கிறது, நானும் பதிந்துகொள்ளப் போகிறேன். ஆனால் கேரளத்தோடு ஒப்பிட்டால் பெருமூச்சுதான். அவர்கள் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கென்று 1996-லேயே தனித்துறை வைத்துவிட்டார்கள். எங்கள் ரூமிலிருந்த மலப்புரத்துக்காரர் எனக்கு ஒரு வருடம் முன்னால் ஊர் திரும்பி, அந்தத் துறையின் நோர்க்கா திட்டத்தில் வங்கிக்கடன் வாங்கி மாவு மில் போட்டார். 30 லட்சம் வரையான தொழிலுக்கு 15 சதவீதம் மானியம், உச்சம் 3 லட்சம். அவர் மில்லும் சுமாராகத்தான் ஓடுகிறது. ஆனால் அவர் ஊரில் 'பிரவாசி', அதாவது வெளிநாட்டுக்காரர், என்றால் அலுவலகத்தில் ஒரு நாற்காலியாவது காட்டுகிறார்களாம்.

என் கதையில் நாற்காலி காட்டியவர் ஆடிட்டர். 2024 ஜூலை. வங்கியில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என் என்.ஆர்.இ. கணக்கை அப்போதுதான் சாதாரணக் கணக்காக மாற்றியிருந்தேன். உண்மையில் வந்தவுடனே மாற்றியிருக்க வேண்டும்; டெபாசிட் வட்டிக்கு வரிவிலக்கு என்பது நாம் வெளிநாட்டில் இருக்கிறவரைதான். வந்து குடியேறிய பிறகும் அந்தக் கணக்கை அப்படியே வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். "பழச விடுங்க, இப்ப ரிட்டன் போட்ருவோம்" என்று ஆடிட்டர் பாஸ்போர்ட் இரண்டையும் கேட்டார். பழையதையும் புதியதையும் சேர்த்துப் பின் அடித்து வைத்திருந்தேன்.

"கடைசிப் பத்து வருஷத்துல எந்தெந்த வருஷம் எத்தன நாள் இந்தியாவுல இருந்தீங்க? முத்திரையப் பாத்து எண்ணிச் சொல்லுங்க."

நாள் எண்ணுவதுதானே என் தொழில். அவருடைய பழைய காலண்டர் அட்டையின் பின்புறத்தில் கோடு போட்டு, வந்த தேதி, போன தேதி, நாள் என்று மூன்று கட்டம் கட்டி எழுதினேன். அவர் கேட்டது பத்து வருடம். கை நிற்கவில்லை, 2006 வரை போய்விட்டேன். எட்டு லீவு. அப்பா இறந்ததற்கு வந்த பன்னிரண்டு நாளும் அதில் ஒன்று. கீழே கூட்டினேன். 431.

இரண்டாவது தடவையும் கூட்டினேன். 431 தான். ஒரு வருடம், இரண்டு மாதம், சில நாள். நான் ஊரோடு வந்தபோது மகளுக்குப் பதினைந்து வயது. அவள் கணக்கில் அவளுடைய அப்பாவுக்கு வயது ஒன்று.

ஆடிட்டர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அழகா எழுதியிருக்கீங்களே" என்றார். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தைக் காட்டினார். முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தால், அல்லது முந்தைய ஏழு வருடத்தில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் தங்காமலிருந்தால், ஊர் திரும்பியவருக்குச் சட்டத்தில் ஒரு தனிப் பிரிவு. ஆர்.என்.ஓ.ஆர். என்று சுருக்கமாகச் சொன்னார். விரித்துச் சொல்லுங்கள் என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் வைத்தால் இப்படி வரும்: குடியிருப்பவர், ஆனால் வழக்கமாகக் குடியிருப்பவர் அல்லர்.

"வெளிநாட்டுல வருமானம் வர்றவங்களுக்குத்தான் இதால பிரயோஜனம். உங்களுக்குப் பெருசா ஒண்ணும் மிச்சமாகாது. ஆனா ஃபாரத்துல இதத்தான் போடணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது மாதமாக டீக்கடையிலும் வீட்டிலும் நான் தேடிக்கொண்டிருந்த சொல், ஒரு வரிப் படிவத்தில் டிக் போடும் கட்டமாக உட்கார்ந்திருந்தது. என் வீட்டார், ஊரார், நான், எல்லோருமே திருச்சியில் விமானம் இறங்கியதோடு வந்து சேர்ந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இத்தனை மாதமாகியும் இன்னும் சரியாகவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். வந்து சேர இரண்டு மூன்று வருடம் ஆகும் என்பது யாரோ டெல்லியில் எழுதிய ஒரு சட்டப்பிரிவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எந்த அதிகாரி என்ன நினைத்து எழுதினாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

"இது எதுவரைக்கும் சார்?"

மறுபடி அட்டையைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார். "இந்த வருஷமும் இதேதான். 2025 ஏப்ரல் ஒண்ணுலருந்து நீங்க ஆர்டினரி."

அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன், "அடுத்த ஏப்ரல்லருந்து அப்பா ஆர்டினரி" என்று. "இப்ப மட்டும் என்னவாம்?" என்றாள்.

அந்தத் தேதிக்கு முன்பே சில காரியங்கள் தானாக நடந்துவிட்டன. ரேஷன் கடையில் குடும்பத்தில் எல்லோரும் விரல்ரேகை வைக்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் விரலை மிஷின் ஏற்கவில்லை. நாற்று நட்டு, மட்டை உரித்துத் தேய்ந்த விரல். கேம்ப்பில் கொத்தனார்களுக்கும் இதே பாடுதான், சிமெண்ட் ரேகையைத் தின்றுவிடும், தினமும் காலையில் மிஷின் முன்னால் எச்சில் தொட்டுத் தொட்டு வைப்பார்கள். நான் வைத்தேன். ஒரே தடவையில் பச்சை விளக்கு. "ஒங்களுக்கு டக்குனு விழுந்துருச்சே" என்றார் கடைக்காரர். பதினாறு வருடம் பேனா பிடித்த விரல் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? மோட்டார் விஷயத்திலும் ஒரு திருப்பம் வந்தது. அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி மறந்துவிட்டேன். மறுபடி தெருவில் தண்ணீர். இந்த முறை அவள் கையில் கரண்டியோடு வாசலுக்கே வந்தாள். "எத்தன தடவ சொல்றது? ஒரு சுவிச்சி அமத்தத் தெரியாதா? கரண்ட்டு பில்ல உங்க அரபியா வந்து கட்டுவான்?" எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தது. நான் மாடிக்கு ஓடினேன். ஓடும்போது எனக்கு எப்படி இருந்தது என்பதை விளக்கத் தெரியவில்லை. தோப்பிலிருந்து போன் போடும் வழக்கம் அதற்குச் சற்று முன்போ பின்போ நின்றுபோனது.

வேலையும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. பேராவூரணி போகிற ரோட்டில் ஒரு நார் மில். தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிறார்கள், பக்கத்துக் கொட்டகையில் கயிறும் முறுக்குகிறார்கள். முதலாளி என் அனுபவச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "ஹிந்தி தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். மாதம் 15,000. இந்தப் பணத்தைத் திர்ஹாமில் மாற்றிப் பார்க்கும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. அங்கே இருந்தபோது ஒரு சாயாவைக்கூட ரூபாயில் மாற்றிப் பார்த்து வயிறு எரிவேன், இங்கே தலைகீழ். 15,000 என்பது 700 திர்ஹாம்கூட வராது. 2006-ல் நான் சேர்ந்தபோது வாங்கியது 900.

மில்லில் பன்னிரண்டு பீகார் பையன்கள், சமஸ்திபூர், தர்பங்கா பக்கம். தகரக் கொட்டகையில் வரிசையாகப் பாய். மூலையில் கேஸ் அடுப்பு, முறை வைத்துச் சமையல். ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைத்து, ஆளுக்கொரு மூலையில் போனோடு சுருண்டுகொள்வார்கள். முதல்நாள் அந்தக் கொட்டகைக்குள் போனதும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது: ஈரத் துணி, வெங்காயம், தைலம். யாருக்கு நிஜக் காய்ச்சல், யாருக்கு வீட்டு நினைப்புக் காய்ச்சல் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரியும். நிஜக் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பேன். மற்றதற்கும் லீவு எழுதிவிடுவேன். முதலாளிக்கு இது இன்னும் தெரியாது.

என் ஹிந்தியைக் கேட்டு அவர்களுக்கு ஒரே சிரிப்பு. பெஷாவர் டிரைவர்களிடமும் நேபாளி ஹெல்பர்களிடமும் கற்றது. நடுவில் ஹலாஸ், யல்லா என்று அரபியும் விழும். "யே கஹாங் கீ ஹிந்தி ஹை, பாய்?" என்பார்கள். இது எந்த ஊர் ஹிந்தி என்று.

2025 தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் ஒரு பையன் லீவுக்குக் கிளம்பினான். மில்லுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சட் பூஜை என்று அவர்கள் ஊர்ப் பண்டிகை, அதற்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்றான். அந்தப் பூஜைக்குத் தேங்காய் முக்கியமாம். அங்கே விலை அதிகம் என்று இருபது தேங்காயை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, எங்கள் மில் கயிற்றாலேயே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தான். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து நான் கட்டிக் கொடுத்தேன். கேம்ப்பில் வியாழக்கிழமை ராத்திரிகளில் எத்தனை பெட்டி கட்டியிருப்பேன்! மார்க்கரைக் கொடுத்து, பெயர் எழுதச் சொன்னான். அவன் பெயர், அப்பா பெயர், கிராமம், ஜில்லா எல்லாம் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். பழக்கதோஷத்தில் பெயருக்கு மேலே ஒரு நம்பர் போடப் போய்க் கையை நிறுத்தினேன். எங்கள் மில்லில் யாருக்கும் நம்பர் கிடையாது.

ரிஜிஸ்டரை எடுத்தேன். போகும் தேதி எழுதினேன். திரும்பும் தேதி கேட்டேன், நவம்பர் 5 என்றான், எழுதினேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

"பாய், ஆப் கப் காவ் ஜாயேங்கே?" நீங்கள் எப்போது ஊருக்குப் போவீர்கள் என்று கேட்டான்.

"எனக்கு இதுதான் ஊர்" என்றேன், அந்த டிரைவர் ஹிந்தியில்.

அவன் நம்பவில்லை. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

"கப் சே?" என்றான். எப்போதிலிருந்து?

வெளியே டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.